பூசைத் தட்டில் மாட்டிக்கொண்ட பிளேயர்கள்

லோகேஸ்வரியின் வலது கைக் கட்டைவிரலைப் பார்த்தால் யாரும் அவளைக் கைவேலைக்காரி என்று சொல்லமாட்டார்கள். எங்கேயோ சண்டை போட்டுவிட்டு வந்தவள் என்றுதான் நினைப்பார்கள். நகம் நடுவில் பிளந்து, ஓரத்தில் தோல் உரிந்து, மஞ்சளும் பசையுமாய் ஒரு கோலத்தில் இருக்கும். நகை கோர்க்கிற அரிசிமணி அளவு வளையங்களை நகத்தாலேயே நெம்பி நெம்பி மூன்று வருஷம் ஓட்டினால் நகம் பின்னே எப்படி இருக்கும்?

சுங்கை வேயில் ஒரு எலெக்ட்ரானிக் ஃபேக்டரியில் அவளுக்கு இருபத்திரண்டு வருஷ வேலை. கண்ணாடிக்குக் கீழே தலையைக் குனிந்து, ட்வீசரால் எறும்புத் தலை அளவு சாமான்களை எடுத்து எடுத்து வைப்பதுதான் அந்த வேலை. கூட வேலை செய்கிறவர்களுக்குத் தோடு திருகு கழன்றால், சங்கிலிக் கொக்கி விட்டுப்போனால், சாப்பாட்டு நேரத்தில் அவளிடம்தான் கொண்டுவருவார்கள். அப்படி அடுத்தவள் தோட்டை ஒட்டிக் கொடுத்துக் கொடுத்து, ஒருநாள் நாமே ஒரு ஜோடி செய்தால் என்ன என்று தோன்றியது. செய்தாள். ஒரு தோடு மேலே, ஒரு தோடு கீழே தொங்கியது. இருந்தாலும் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். இதுதான் ஆரம்பம்.

பூச்சோங் ஃபிளாட்டில், சாப்பாட்டு மேசையில், ரைஸ் குக்கருக்குப் பக்கத்தில் ஒரு முழ இடம் அவளுடையது. ஒரு பழைய துண்டை விரித்து வைத்திருப்பாள், மணி உருண்டு ஓடாமல் இருக்க. அதன் மேல் வளையம் பிடிக்கும் குறடாய் ஒரு பிளேயர், ஒரு வெட்டும் பிளேயர், பிஸ்கட் டின்னில் மணிகள். அவள் விற்றதும் இல்லை, விற்க நினைத்ததும் இல்லை. வேலை முடிந்து வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்து கோர்த்தால் மனசு நிதானத்துக்கு வரும், அவ்வளவுதான்.

ஆனால் வீட்டில் அதை யாரும் ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அதுதான் அவளுக்கு உறுத்தல். புருஷன் பாலன் ஏர்கோன் என்கிற ஏசி ரிப்பேர்காரர். நல்ல மனுஷன், குடி கிடையாது, வேன் உண்டு, வேலை உண்டு. ஆனால் போன தீபாவளிக்கு முன்னால் திரைச்சீலை மாட்டுகிற ஸ்பிரிங் கம்பியை நறுக்க அவளுடைய வெட்டும் பிளேயரை எடுத்துவிட்டார். அது மெல்லிய செம்புக் கம்பி வெட்டுகிற பிளேயர். எஃகுக் கம்பியில் வைத்து ஒரு அழுத்து அழுத்தினார். வாயில் பல் விழுந்த கிழவி மாதிரி நடுவில் ஓர் ஓட்டை. அதற்கப்புறம் எதை வெட்டினாலும் வெட்டாது, மெல்லும்.

"பிளேயர்தானே லா, வேற வாங்கிக்கலாம்" என்றார் பாலன்.

"உங்க ஸ்பேனரை எடுத்து நான் தேங்கா உடைச்சா சும்மா இருப்பீங்களா?"

"அது வேலைச் சாமான். இது சும்மா விளையாட்டுக்கு."

அந்த வருஷம் ஆயுத பூசையன்று பாலன் தன் ஸ்பேனர், வாயு அளக்கும் கேஜ், டிரில், ஏணி எல்லாவற்றையும் கழுவித் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தபோது, லோகேஸ்வரி சமையலறை வாசலில் நின்று கேட்டாள்: "என் பிளேயரெல்லாம் ஆயுதம் இல்லையா? அதுக்கு ஒரு பொட்டு வச்சா உங்க குங்குமம் குறைஞ்சிடுமா?" பாலன் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

இந்தச் சொல்லைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அவள் வாயாலேயே கேட்டது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அவர்கள் மகள் மலர், பதினேழு வயசு, கிள்ளானில் தாமரை டீச்சரிடம் பரதம் கற்கிறாள். விஜயதசமியன்று கோயில் மண்டபத்தில் அவள் ஆட்டம். வழக்கமாக நகை செட்டை டீச்சர் மூலமாக வாடகைக்கு எடுப்பார்கள். இந்தத் தடவை மலரே வந்து கேட்டாள்.

"மா, நீங்க ஒரு மாங்கா மாலை செஞ்சு தாங்களேன். வாடகை மாலை எல்லார் கழுத்துலயும் கிடந்து வேர்வ நாத்தம்."

லோகேஸ்வரிக்குக் காது குளிர்ந்தது. மூன்று வருஷத்தில் வீட்டில் ஒருத்தர் அவளிடம் ஒன்று கேட்டது அதுதான் முதல் தடவை. கிள்ளான் கடைத்தெருவில் அலைந்து, தங்க முலாம் பூசின மாங்காய்த் தொங்கல் முப்பத்திரண்டு பொறுக்கி எடுத்து வந்தாள். ஒரு மாங்காய்க்கு இரண்டு வளையம், மொத்தம் அறுபத்துநாலு. ஒற்றைப் பிளேயரில் ஒரு பக்கம் பிடித்து, மறுபக்கம் நகத்தால் நெம்பி வாயைப் பிளந்து, மாட்டி, மறுபடி அமுக்கி மூடினாள். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

ஒத்திகையன்று மலர் மாலையைப் போட்டுக்கொண்டு முதல் தட்டடவில் காலால் ஒரு தட்டு தட்டினாள். ஒரு மாங்காய் விழுந்தது. அடுத்த தட்டுக்கு இரண்டு. எம்பிக் குதித்து ஆடுகிற குதித்துமெட்டு ஆரம்பித்ததும் மழைக்காலத்து மரம் மாதிரி சடசடவென்று உதிர்ந்தது.

"மாங்கா சீசன் டி, பொறுக்குங்க பொறுக்குங்க!" என்று கூட ஆடின பிள்ளைகள் கத்தினார்கள். ஒருத்தி தாவணித் தலைப்பை ஏந்திக்கொண்டே ஆடினாளாம். மலர் நடு மண்டபத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

தாமரை டீச்சர் நயமாகத்தான் சொன்னார். "அக்கா, நீங்க ஆசையா செஞ்சிருக்கீங்க, நல்லாத்தான் இருக்கு. ஆனா மேடையில இப்படி விழுந்தா பிள்ளை காலு வழுக்கிடும். வாடகை செட் எடுத்துடலாம்."

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது மலர் சொன்னாள்: "மா, சரியா செஞ்சீங்கன்னா போடுறேன். ஆனா சனிக்கிழமை ஏழு மணிக்குள்ள சொல்லிடணும். அதுக்கப்புறம் டீச்சருக்கு வாடகை செட் கிடைக்காது. ஒரு மாங்கா விழுந்தாலும் சரி, இனிமே உங்ககிட்ட கேக்கவே மாட்டேன்."

பிள்ளை கோபத்தில் சொன்னதென்று தள்ளிவிடலாம். லோகேஸ்வரி தள்ளவில்லை. அன்றைக்கே உட்கார்ந்து மாலை முழுவதையும் பிரித்துப் போட்டாள். வழக்கமான பிடிவாதம்தான், திரும்பிப் போக வழியே வைத்துக்கொள்ள மாட்டாள்.

எங்கே தப்பு என்று போனில் தேடினாள். ஒரு வீடியோவில் ஒரு பெண் பிள்ளை ஏதோ பாஷையில் பேசிக்கொண்டே செய்து காட்டியது. பாஷை புரியவில்லை, கை புரிந்தது. வளையத்தின் வாயை அகலமாய்ப் பிளக்கக் கூடாது. பிளந்தால் வட்டம் கெட்டுவிடும், எத்தனை அமுக்கினாலும் ஒரு மயிரிழை திறந்தே கிடக்கும். இரண்டு கையிலும் இரண்டு பிளேயர் பிடித்து, ஒரு முனையை முன்னாலும் ஒரு முனையைப் பின்னாலும் கதவு திறக்கிற மாதிரி விலக்க வேண்டும். மூடும்போதும் அப்படியே. இரண்டு முனையும் உரசிச் சேரும்போது விரலுக்குள் 'டிக்' என்று ஒரு சின்னத் தட்டல் தெரியும். அது தெரிந்தால் போதும், ஆனை இழுத்தாலும் வராது.

மூன்று வருஷமாக ஒற்றைப் பிளேயரோடு மாரடித்ததை நினைத்து லோகேஸ்வரி தலையில் அடித்துக்கொண்டாள். ஆன்லைனில் இரண்டு பிளேயர் சொல்லி அனுப்பினாள். தட்டை மூக்கு, உள்வாயில் பல் இல்லாமல் வழவழவென்று இருக்க வேண்டும். பல் இருந்தால் முலாமைக் கீறிவிடும். வியாழக்கிழமை வந்து சேர்ந்தது. கைக்கு அடக்கம், நீலக் கைப்பிடி, விட்டால் தானே திறக்க உள்ளே ஒரு குட்டி ஸ்பிரிங். இரண்டு வளையத்தில் போட்டுப் பார்த்தாள். டிக். டிக். அன்றும் மறுநாளும் ஃபேக்டரியில் ஓவர்டைம். இராத்திரி வந்து கண் சொருகியது. சனிக்கிழமை அரை நாள்தான், இரண்டு மணிக்கு வீடு வந்தால் ஐந்து மணி நேரம் இருக்கிறதே என்று விட்டுவிட்டாள்.

சனிக்கிழமை ஆயுத பூசை. அது அவளுக்குத் தெரியும். வேனுக்கும் ஏணிக்கும் பூசை, நமக்கு என்ன என்று இருந்துவிட்டாள்.

இரண்டே கால் மணிக்கு, கழுத்தில் ஃபேக்டரி அட்டையோடு வீட்டுக்குள் நுழைந்தவள் சாப்பாட்டு மேசையைப் பார்த்தாள். துண்டு இருந்தது. மாங்காய்கள் இருந்தன. பிளேயர் இல்லை.

"என்னங்க, என் பிளேயரு எங்க?"

பாலன் சாமி அறையிலிருந்து பெரிய சிரிப்போடு வந்தார். நெற்றியில் பட்டை, இடுப்பில் வேட்டி. "வா வா, வந்து பாரு. இந்த வருஷம் எப்படின்னு பாரு."

சிவப்புத் துணி விரித்து, வாழையிலை போட்டு, இரண்டு பக்கமும் பாலனின் ஸ்பேனர்கள் காவல்காரர்கள் மாதிரி வரிசை. நடுவில், எல்லாவற்றுக்கும் மேலே, ஒரு தட்டில் அவளுடைய இரண்டு புதுப் பிளேயரும். கழுவியிருந்தார். குழைத்த சந்தனத்தை மூக்கிலிருந்து கைப்பிடி வரை பூசி, சரியாக அந்தப் பிளேயரின் இடுப்பு மூட்டில், ஸ்பிரிங்கின் மேலே, கட்டைவிரல் அகலத்துக்குக் குங்குமம். போதாததற்கு இரண்டின் வாயிலும் ஒவ்வொரு சாமந்திப் பூ.

"போன வருஷம் கேட்டேல்ல? ஆயுதம் இல்லையான்னு? நடுவுல வச்சிருக்கேன். என் கேஜைக்கூட கீழதான் வச்சேன்" என்றார்.

இப்போது அவள் என்ன சொல்வாள்? திட்ட முடியுமா? அவள் கேட்டதைத்தானே மனுஷன் செய்திருக்கிறார். அதுவும் எவ்வளவு ஆசையாய்!

"நல்லா இருக்குங்க" என்றாள். பிறகு மெதுவாக, "அதை இப்ப எடுத்துக்கலாமா? மாலை கோக்கணும்" என்றாள்.

பாலனின் சிரிப்பு போய்விட்டது. "இன்னிக்கா? நாளைக்குக் காலைல மறு பூசை போட்டுத்தான் எடுக்கணும். உனக்குத் தெரியாதா?"

"மலருக்கு ஏழு மணிக்குச் சொல்லணுங்க."

"லோகா, இதுல மட்டும் விளையாடாத."

பாலன் இதில் உறுதியாக இருக்கக் காரணம் உண்டு. மலருக்கு ஆறு வயசு இருக்கும்போது, இதே நாளில் ஷா ஆலமில் ஓர் ஆபீஸில் ஏர்கோன் கொட்டுகிறது என்று கெஞ்சிக் கூப்பிட்டார்கள். பூசையில் இருந்த ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போனார். ஏணி சறுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. மூன்று மாசம் வேலை இல்லை. அவருடைய அப்பா சின்னையா ஆஸ்பத்திரிக்கு வந்து வேறு ஒன்றும் கேட்கவில்லை, "எடுத்தியா?" என்று மட்டும் கேட்டாராம். லோகேஸ்வரி அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். அதனால் தட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு போக அவளுக்கும் கை வரவில்லை. நம்பிக்கை பாதி, பயம் பாதி.

"அப்ப பழைய பிளேயரு?"

"அதுவும் பின்னால இருக்கு பாரு. கத்திரிக்கோலு, அரிவாமனை, தையல் மிஷின் எல்லாத்துக்கும் வச்சுட்டேன். ஒண்ணையும் விடல."

உண்மைதான். மனுஷன் வீட்டைச் சல்லடை போட்டிருந்தார். பூசைக்குப் போகாமல் மிச்சம் இருந்தது கரண்டி மட்டும்தான்.

லோகேஸ்வரி மேசையில் உட்கார்ந்து நகத்தாலேயே நான்கு வளையம் மூடிப் பார்த்தாள். டிக் வரவில்லை. வலிதான் வந்தது. மணி மூன்றாகப் போகிறது. எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு எதிர் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

எதிர் வீட்டு நசீமாவின் புருஷன் கௌஸ் துணிக்கடைக்காரர். மோட்டார் சைக்கிளைத் தானே பிரித்து மாட்டுகிற பழக்கம் உள்ளவர். அவர்கள் வீட்டில் ஆயுத பூசை கிடையாது. எனவே பிளேயருக்கு விடுமுறையும் கிடையாது.

"பிளேயரா? உங்க வீட்டுல இல்லாத பிளேயரா அக்கா?" என்று நசீமா கேட்டாள். பிறகு அவளே, "ஓ, இன்னிக்குப் பூசைல்ல! பாலன் அண்ணன் மத்தியானமே பொரி கடலை கொண்டாந்து குடுத்தாரு. உங்க பிளேயர நடுவுல வச்சேன்னு சொல்லிட்டு வேற போனாரு" என்றாள்.

"ஊருக்கெல்லாம் சொல்லியாச்சா?"

"ரொம்ப சந்தோஷமா இருந்தாரு க்கா."

"அதான் நசீமா என் கஷ்டம். சந்தோஷமா இல்லாம இருந்திருந்தா ரெண்டு திட்டு திட்டியிருப்பேன்."

கௌஸின் பெட்டியில் இரண்டு பிளேயர் கிடைத்தன. ஒன்று நீள மூக்கு, ஒன்று தடியானது. இரண்டிலும் எண்ணெய் அழுக்கு. இரண்டின் வாயிலும் முதலைப் பல். ஒரு வளையத்தைப் பிடித்துப் பார்த்தாள். தங்க முலாம் கீறி உள்ளே வெள்ளையாய் இளித்தது. நசீமா காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டர் கொண்டுவந்தாள். பிளேயர் வாயில் சுற்றினார்கள். அடிபட்ட பிளேயருக்குக் கட்டுப் போட்ட மாதிரி இருந்தது.

"ஒண்ணு கேக்கட்டா க்கா? இன்னிக்கு ஓய்வு பிளேயருக்கா, உங்க கைக்கா? எங்க பிளேயர வச்சு நீங்க வேலை செஞ்சா மட்டும் பரவால்லையா?"

லோகேஸ்வரி பிளாஸ்டரை இழுத்து இறுக்கினாள். "என் கைக்கு எவன் ஓய்வு குடுத்தான்? காலைல ஏழு மணிலேருந்து ஃபேக்டரில ட்வீசர் பிடிச்சுட்டுத்தானே வரேன். அங்க சூப்பர்வைசர்கிட்ட ஆயுத பூசைன்னு சொல்லிப் பாரு."

நசீமாவின் மேசையில் வேலை ஆரம்பித்தது. அதை வேலை என்று சொல்வதா, வதை என்று சொல்வதா தெரியவில்லை. தடிப் பிளேயர் ஒரே ஆளாய்க் கையை அடைத்துக்கொண்டது. பிளாஸ்டர் நழுவி நழுவி, அதன் பசை வளையத்தில் ஒட்டி, பசையில் தூசி ஒட்டியது. ஒரு வளையம் தெறித்து நசீமாவின் மீன் தொட்டிக்குள் விழுந்தது. மீன் ஒன்று வந்து முகர்ந்து பார்த்துவிட்டுப் போனது. பல்லுக்கு மேலே பிளாஸ்டர் இருப்பதால் அந்த 'டிக்' கைக்குத் தெரியவே இல்லை. மூடினதா இல்லையா என்று ஒவ்வொன்றையும் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டியிருந்தது.

ஆறரை மணிக்கு நாற்பத்தொன்று முடிந்தது. அந்த நேரம் பார்த்து, பொரித் தட்டைத் திருப்பி வாங்கப் பாலன் வந்தார். கதவில் நின்றபடியே கட்டுப் போட்ட பிளேயரைப் பார்த்தார், பெண்சாதியைப் பார்த்தார்.

"அடுத்தவங்க பிளேயரா?"

"பின்ன? என்னோடது சாமி கும்பிடப் போயிருக்கு."

"நீதான லா கேட்ட!"

"கேட்டேன். ஒரு வருஷம் கழிச்சு, என்னைக்கு வேணுமோ அன்னைக்குப் பார்த்து வப்பீங்கன்னு கேட்டேனா?"

நசீமா மீனுக்கு இரை எடுக்கப் போவது போல் உள்ளே நழுவினாள். கடைசியில் பாலன், "மறு பூசைய ஒன்பது மணிக்குப் போட வேண்டாம். ஆறு மணிக்கே போட்டு எடுத்துத் தரேன். அதுக்கு மேல என்னால முடியாது" என்றார். அவருடைய கணக்கில் அது பெரிய விட்டுக்கொடுப்பு. அவளுடைய கணக்கில் பதினோரு மணி நேரம் வீண்.

ஏழுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது மலர் வந்தாள். மாலையைத் தூக்கி, ஒவ்வொரு மாங்காயாகச் சுண்டி இழுத்துப் பார்த்தாள். ஆறாவது கையோடு வந்துவிட்டது. பதினான்காவதும்.

"மா..."

"அது பிளாஸ்டரால வந்தது. நாளைக்கு என் பிளேயர்ல திருப்பி மூடிடுவேன்."

மலர் அம்மாவின் கட்டைவிரலைப் பார்த்தாள். கோபப்படவில்லை, அதுதான் லோகேஸ்வரிக்கு இன்னும் எரிச்சல். "டீச்சர் வாடகை செட் ஒண்ணு எடுத்து வைக்கட்டும் மா. உங்களுது ரெடியா இருந்தா உங்களுதப் போடுறேன்" என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்துக்கொண்டு போனாள்.

ஞாயிறு, விஜயதசமி. காலை ஆறு மணிக்குப் பாலன் சொன்னபடியே சூடம் காட்டி, தேங்காய் உடைத்து, பிளேயர்களை எடுத்து அவள் கையில் பயபக்தியோடு கொடுத்தார். அவள் கைப்பிடியை அழுத்தினாள். அழுந்தவில்லை. இன்னும் அழுத்தினாள். அசையவில்லை. சந்தனம் இராத்திரி முழுக்கக் காய்ந்து, மூட்டுக்குள்ளும் ஸ்பிரிங்குக்குள்ளும் சிமெண்ட் மாதிரி இறுகிப்போயிருந்தது.

"இருக்கட்டும், துருவுக்கு அடிக்கிற எண்ணெய் என்கிட்ட இருக்கு" என்று பாலன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"கிட்ட வராதீங்க! எண்ணெய் பட்டா முலாம் எல்லாம் கறுத்துடும்! நீங்க ஒண்ணும் செய்யாம இருந்தாலே எனக்குப் பெரிய உதவி!"

பாலன் டப்பாவோடு பின்வாங்கினார். அவள் வெந்நீரில் பிளேயரைப் போட்டு, பழைய டூத்பிரஷால் தேய்த்துத் தேய்த்து, முக்கால் மணி நேரத்தில் ஒன்றை அசைய வைத்தாள். மற்றதை ஊசியால் குடைந்தாள். தண்ணீர் இளஞ்சிவப்பாகக் குங்குமம் கலந்து ஓடியது. அதைச் சாக்கடையில் விடக்கூடாது என்று பாலன் வாளியில் பிடித்துச் செடிக்கு ஊற்றினார். அதில் ஐந்து நிமிஷம்.

ஏழேமுக்காலுக்கு வேனில் ஏறினார்கள். முன் இருக்கையில் லோகேஸ்வரி மடியில் துண்டை விரித்து, அதன் மேல் மாலை. பின்னால் ஏர்கோன் குழாய்களுக்கு நடுவில், முழு ஒப்பனையோடு, தலை முட்டாமல் குனிந்தபடி மலர். இருபத்துமூன்று வளையம் பாக்கி. நேற்று பிளாஸ்டரில் மூடின நாற்பத்தொன்றையும் திருப்பி அழுத்த வேண்டும்.

டிக்.

அந்தச் சத்தம் கேட்டபோது அவளுக்கு அழுகை வந்தது. ஆனால் அழுதால் கண் தெரியாது.

"மெதுவா ஓட்டுங்க, வளையம் பறக்குது."

"மெதுவா போனா லேட்டாயிடும் லா."

"அப்ப பள்ளத்தையாவது பாத்து ஓட்டுங்க!"

"கிள்ளான் ரோட்டுல பள்ளம் இல்லாத இடம் நீயே காட்டு, அங்கயே ஓட்டுறேன்."

பின்னாலிருந்து மலர், "ரெண்டு பேரும் சண்டைய நிறுத்துங்க, எனக்கு மை கலையுது" என்றாள். அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று திரும்பிப் பார்க்கக்கூட லோகேஸ்வரிக்கு நேரமில்லை.

கோயில் வாசலில் வேன் நின்றபோது இரண்டு வளையம் பாக்கி. மண்டபத்துப் படியில் உட்கார்ந்து முடித்தாள். ஒவ்வொன்றிலும் டிக் வந்தது, அறுபத்துநாலிலும். மாலையைத் தூக்கி உதறினாள். ஒன்றும் அசையவில்லை. மகள் கழுத்தில் தானே கட்டிவிட்டாள்.

தாமரை டீச்சர் வந்தார். மாலையைப் பார்த்தார். "நல்லா வந்திருக்கு க்கா" என்றார். சொல்லிக்கொண்டே முந்தானையிலிருந்து ஒரு சேஃப்டி பின் எடுத்து மாலையை ரவிக்கையோடு சேர்த்துக் குத்தினார். இன்னொன்று. இன்னொன்று.

"எதுக்கு டீச்சர்? அது நிக்கும். எல்லாத்தையும் புதுசா மூடியிருக்கேன்."

"நிக்கும் க்கா. இருந்தாலும் ஒரு சேஃப்டிக்கு. என்னால ரிஸ்க் எடுக்க முடியாதில்ல?"

பதினொரு பின் குத்தினார். லோகேஸ்வரி எண்ணினாள்.

மலர் ஆடினாள். நன்றாக ஆடினாள் என்று எல்லாரும் சொன்னார்கள். லோகேஸ்வரி அதைப் பார்த்தாளா என்று கேட்டால், அவள் பின்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் சுழன்றபோதும், குதித்தபோதும், விளக்கில் அந்தப் பதினொன்றும் பளிச் பளிச்சென்று அவளைப் பார்த்துச் சிரித்தன. ஒரு மாங்காய் விழவில்லை. கைதட்டினார்கள். பாலன் எழுந்து நின்று தட்டினார்.

திரைக்குப் பின்னால் தாமரை டீச்சர் அவள் தோளைத் தட்டினார். "பாத்தீங்களா க்கா, பின் குத்துனதால தப்பிச்சோம்."

லோகேஸ்வரிக்குக் காலிலிருந்து தலை வரை சுர்ரென்று ஏறியது. நகம் பிளந்ததென்ன, கட்டுப் போட்ட பிளேயரென்ன, வெந்நீரென்ன, வேனென்ன. கடைசியில் பேர் வாங்கியது பின்! மகள் கையைப் பிடித்துக் கார் நிறுத்தும் இடத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். வேனின் நிழலில் நிறுத்தி, பின் ஒவ்வொன்றாய்க் கழற்றித் தன் உள்ளங்கையில் போட்டாள்.

"குதி" என்றாள்.

"மா, இங்கயா? எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். குதி."

மலர் செருப்போடு, சதங்கையோடு, தார் ரோட்டில் குதித்துமெட்டுப் போட்டாள். ஜல் ஜல்லென்று சத்தம். பக்கத்துக் காரில் ஏறப்போன ஓர் அங்கிள் கதவைப் பிடித்தபடி நின்றுவிட்டார். மாங்காய் முப்பத்திரண்டும் துள்ளின, ஒன்றோடொன்று மோதின, திரும்பி அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்தன.

"இன்னும் பலமா."

மலர் இந்தத் தடவை கேள்வி கேட்கவில்லை. முட்டி மடக்கி, மூச்சை இழுத்துப் பிடித்து, மேடையில் ஆடினதைவிட ஓங்கித் தட்டினாள். ஒன்றும் விழவில்லை. பிள்ளை குனிந்து மாலையைக் கையால் அளைந்து பார்த்தாள். ஆறாவதை இழுத்தாள். பதினான்காவதை இழுத்தாள். வரவில்லை.

"வரல மா" என்றாள்.

"வராது" என்றாள் லோகேஸ்வரி.

பின்னாலேயே வந்துவிட்ட பாலன் வேன் கதவைத் திறந்தார். "அப்புறம் என்ன லோகா, பசிக்குது, வாங்க போய்ச் சாப்பிடலாம். டீச்சரு சொன்னத விட்டுத் தள்ளு."

"எதுக்கு விடணும்?"

அவள் பதினொரு பின்னையும் உள்ளங்கையில் பொத்திக்கொண்டாள். மறு கையால் மகளின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"சதங்கையக் கழட்டிடாத, மலரு. வா, டீச்சர் முன்னால ஒரு தடவை குதிச்சுட்டு வந்துடலாம்."

இரண்டு பேரும் மண்டபத்துப் பக்கம் நடந்தார்கள். பாலன் வேனைத் திரும்பப் பூட்டிவிட்டு, பின்னாலேயே போனார்.